ஹெரிட்டேஜ்னு பேரைப் பாத்து 27 லட்சம் செலவு பண்ணிட்டு, கன்சர்வேஷன்னா என்னன்னு அப்புறம்தான் கத்துக்கிட்டேன்

போன மாசம் கும்பகோணத்துல இருந்து ஒரு தங்கச்சி போன் பண்ணா. நான் படிச்ச அதே கவின் கலைக் கல்லூரி, பெயிண்டிங், ஃபைனல் இயர். "அக்கா, யூகேல ஹெரிட்டேஜ் எம்.ஏ. சீட் வந்துருச்சு, அடுத்த வாரம் டெபாசிட் கட்டணும், அங்க போனா பழைய ஓவியம் சிலையெல்லாம் சரி பண்ணக் கத்துக்கலாம்லக்கா"ன்னு கேட்டா. எனக்கு வயித்தைப் பிசைஞ்சுருச்சு. 2022-ல நானும் வார்த்தைக்கு வார்த்தை இதையேதான் எங்க வீட்ல சொன்னேன். அவகிட்ட ஒன்றரை மணி நேரம் பேசினேன். பேசி முடிச்சப்புறம், இதே மாதிரி இன்னும் எத்தனை பேரு டெபாசிட் கட்ட உக்காந்திருக்காங்களோன்னு தோணுச்சு, அதான் முழுசா எழுதிடறேன். நீளமாத்தான் இருக்கும்.

2019-ல பி.எஃப்.ஏ. முடிச்ச கையோட தஞ்சாவூர்ல ஒரு ஓவியப் பட்டறைல சேர்ந்தேன். தஞ்சாவூர் ஓவியம் புதுசு போடுறது ஒரு பக்கம், பழைய படங்கள் ரிப்பேருக்கு வர்றது இன்னொரு பக்கம். பூஜை ரூம்ல அறுபது எழுபது வருஷம் விளக்குப் புகையில இருந்து கறுத்துப்போன படம், மக்குங்கிற மேடு எழுப்புற பூச்சு உப்பி உதிர்ற படம், கல்லு விழுந்த படம்னு வரும். எனக்கு அந்த ரிப்பேர் வேலைதான் உசுரு. ஒரு நவநீத கிருஷ்ணன் படம் இன்னைக்கும் கண்ணுக்குள்ளயே நிக்குது. பலாப் பலகை ஓரத்துல செல்லரிச்சிருந்துச்சு, கன்னத்துல பெயிண்ட் செதில் செதிலா எழும்பி நின்னுச்சு. நான் என்ன பண்ணேன், எழும்பின செதிலை எல்லாம் பிளேடால சுரண்டி எடுத்துட்டு, உப்புத்தாள் போட்டு வழவழன்னு தேய்ச்சு, அக்ரிலிக்ல டைட்டானியம் ஒயிட் கலந்து முகத்தைப் புதுசா எழுதிட்டேன். பழைய தங்க ரேக்கைப் பேத்து எடுத்துட்டு புது ரேக் ஒட்டினேன். படம் பளபளன்னு ஆயிருச்சு, வீட்டுக்காரங்களுக்கு அவ்ளோ சந்தோஷம், பட்டறை அண்ணன் 3,000 ரூபா தனியா குடுத்தாரு. ரெஸ்டோரேஷன்னா இதுதான்னு நான் முழுசா நம்பினேன். இதையே முறையா மேல படிக்கணும்னு ஆசை வந்துச்சு.

திருச்சில ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். "மியூசியத்துல பழைய பொருள் எல்லாம் சரி பண்ற படிப்பு வேணும்"னு சொன்னேன். அவங்க கம்ப்யூட்டர்ல ஹெரிட்டேஜ்னு அடிச்சுப் பாத்துட்டு ஒரு வருஷ எம்.ஏ. ஒண்ணைக் காட்டினாங்க. ப்ரோஷர் அட்டையில நீலக் கையுறை போட்ட ரெண்டு கை ஒரு பானையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். "ஹெரிட்டேஜ்னாலே அதாம்மா, டவுட்டே வேணாம்"னாங்க. நானும் அந்தப் படத்தைப் பாத்து மயங்கிட்டேன். பாடத்திட்டம்னு கீழ ஒரு லிங்க் இருந்துச்சு, அதை நான் திறந்து பாக்கவே இல்ல. அஞ்சு நிமிஷ வேலை அது. அந்த அஞ்சு நிமிஷத்தை இன்னைக்கும் நினைச்சா தூக்கம் போயிரும்.

கணக்கு சொல்லிடறேன். ஃபீஸ் 17,500 பவுண்டு, நாங்க கட்டினப்போ பவுண்டு ரேட்டுக்கு கிட்டத்தட்ட பதினாறரை லட்சம். அப்போ விசா ஃபீஸ் 363 பவுண்டு, அங்க வைத்திய வசதிக்குன்னு முன்கூட்டியே வாங்குற ஹெல்த் சர்சார்ஜ் 705 பவுண்டு. லண்டனுக்கு வெளியன்னா 9 மாசச் செலவுக்கு 9,207 பவுண்டு பேங்க்ல 28 நாள் அசையாம இருக்குன்னு அப்போ காட்ட வேண்டியிருந்துச்சு, அதுக்காக அப்பா கைமாத்து வாங்கினாரு. வீட்டை அடமானம் வச்சு 20 லட்சம் லோன். வாடகை, சாப்பாடு, டிக்கெட்னு எல்லாம் சேத்து மொத்தம் 27 லட்சம் தாண்டிருச்சு. வாரம் 20 மணி நேரம் ஒரு கஃபேல பாத்திரம் கழுவி சம்பாதிச்சதுல ஒரு நாலரை லட்சம் திரும்ப வந்துச்சு, அவ்ளோதான்.

முதல் வாரம் டைம்டேபிள் குடுத்தாங்க. ஹெரிட்டேஜ் பாலிசி, டூரிஸம், கம்யூனிட்டி, மியூசியம் நிர்வாகம், 1972 உலகப் பாரம்பரிய உடன்படிக்கை, 1964 வெனிஸ் சாசனம். எல்லாமே ரீடிங், செமினார், கட்டுரை. நான் லேப் எங்க இருக்குன்னு தேடிக்கிட்டு மாடி மாடியா ஏறி இறங்கினேன். மூணாவது நாள் ப்ரொஃபசர்கிட்டயே கேட்டேன். அவங்க ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க, இங்க நாங்க பொருளை ட்ரீட் பண்ண, அதாவது கை வச்சுச் சரி பண்ண, கத்துக் குடுக்கறதில்ல, அது கன்சர்வேஷன்ங்கிற தனித் தொழில், அதுக்குத் தனிப் படிப்பு இருக்குன்னு. அன்னைக்கு ரூமுக்கு வந்து ஜாக்கெட்கூட கழட்டாம தரையில உக்காந்து அழுதேன். அம்மா வீடியோ கால்ல வந்து "என்ன பாப்பா, முகம் வாடியிருக்கு, சாப்ட்டியா"ன்னாங்க. குளிரும்மான்னு சொல்லிட்டேன். வீட்டுப் பத்திரம் பேங்க்ல கிடக்குது, எந்த வாயால சொல்றது.

படிப்பு தப்பான படிப்புன்னு நான் சொல்லல, பாலிசி பக்கம் வேலை பாக்க நினைக்கிறவங்களுக்கு அது நல்ல படிப்புதான். எனக்கு வேண்டியது அது இல்ல. ஏன் மாறலன்னு கேப்பீங்க. வேற யுனிவர்சிட்டிக்குப் போகணும்னா அங்க புதுசா சீட் வாங்கி, புதுசா விசா போடணும், அந்த வருஷ கிளாஸ் எல்லாம் ஏற்கனவே ஆரம்பிச்சாச்சு. டெபாசிட் கட்டின பிறகு கேன்சல் பண்றதுக்கு ஒரு குறிப்பிட்ட நாள் கெடு இருக்கும், எனக்கு விஷயம் புரிஞ்சப்போ அது தாண்டிப்போச்சு. அதனால டெபாசிட் கட்டுறதுக்கு முன்னாடி ரீஃபண்ட் விதியை எடுத்து கடைசித் தேதியைக் காலண்டர்ல எழுதி வச்சுக்கோங்க. கன்சல்டன்சி வாயால சொல்றதை நம்பாதீங்க, நேரா கோர்ஸ் நடத்துறவங்களுக்கே ஒரு மெயில் போடுங்க. ஒரே ஒரு கேள்வி கேட்டா போதும்: "இந்தப் படிப்புல நான் என் கையால எத்தனை பொருளை ட்ரீட் பண்ணுவேன்?" பதில் சுத்தி வளைச்சு வந்துச்சுன்னா புரிஞ்சுக்கோங்க.

அந்த வருஷத்துல ரெண்டு நல்லது நடந்துச்சு. ஒண்ணு, ரெண்டாவது செமஸ்டர்ல ஒரு செமினார். 1966 நவம்பர்ல இத்தாலியில ஃப்ளாரன்ஸ் ஊருக்குள்ள ஆர்னோ ஆத்து வெள்ளம் புகுந்தப்போ, சாண்டா க்ரோச்சே சர்ச்சுல இருந்த சிமாபுவேங்கிற பழைய காலத்து ஓவியரோட பெரிய மரச் சிலுவை ஓவியம் சேத்துல ஊறி, பெயிண்ட்ல பாதிக்கு மேல போயிருச்சு. ஏசு முகத்துலயே பெரிய பெரிய இடம் காலி. பத்து வருஷம் வேலை பாத்துட்டு 1976-ல அதைத் திரும்பக் கொண்டு வந்தப்போ, காணாமப் போன இடத்துல அவங்க முகத்தைக் கற்பனை பண்ணி வரையல. மெல்லிசு மெல்லிசான கலர் கோடுகளா நெய்து விட்டிருந்தாங்க. தூரத்துல பாத்தா கண்ணு உறுத்தாது, கிட்டப் போனா இது பழசு இல்ல, போனது போயிருச்சுன்னு தெளிவா தெரியும். அந்த ஸ்லைடைப் பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு அந்தக் கிருஷ்ணனோட கன்னம் ஞாபகம் வந்துருச்சு. நான் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சது பழைய பெயிண்ட் மட்டும் இல்ல, யாரோ ஒருத்தரோட கைன்னு அன்னைக்குத்தான் உறைச்சுது.

ரெண்டாவது, ஒரு மியூசியத்துல வாலன்டியரா போனேன். அங்க இருந்த கன்சர்வேட்டர் அம்மா ஒரு மத்தியான வேளையில டீ குடிச்சுக்கிட்டே எனக்கு எல்லாத்தையும் விளக்கினாங்க. கன்சர்வேஷன்னு ஒரே வார்த்தைக்குள்ள நாலஞ்சு தொழில் இருக்கு, கட்டடம் பாக்குறவங்க வேற, பொருள் பாக்குறவங்க வேற, பொருள்லயும் ஓவியம், காகிதம், துணி, உலோகம், சுவரோவியம்னு தனித்தனி. கை வைக்கிற படிப்பு பெரும்பாலும் ரெண்டு வருஷம் மூணு வருஷம் ஓடும், ஏன்னா கை பழகுறதுக்கு நாளாகும். யூகேல கார்டிஃப், டர்ஹம், நார்தம்ப்ரியா, வெஸ்ட் டீன், கோர்ட்டோல்ட் இதெல்லாம் அந்த மாதிரி படிப்புக்குப் பேர் போன இடங்கள். கோர்ஸ் பக்கத்தைப் படிக்கும்போது ட்ரீட்மென்ட், லேப், ஸ்டூடியோ, ப்ளேஸ்மென்ட் (படிக்கும்போதே வெளிய போய் எடுக்குற வேலைப் பயிற்சி) இந்த வார்த்தைகள் எத்தனை தடவை வருதுன்னு பாருங்க. அதை விட்டுட்டு பாலிசி, மேனேஜ்மென்ட், டிஸ்கோர்ஸ்னே வந்துக்கிட்டு இருந்தா அது வேற படிப்பு. கடைசியா அந்த அம்மா கேட்டாங்க, "கெமிஸ்ட்ரி எவ்ளோ படிச்சிருக்க?" ப்ளஸ் டூல படிச்சதோட சரின்னேன். அவங்க கப்பைக் கீழ வச்சுட்டாங்க.

கெமிஸ்ட்ரி விஷயத்தை ஃபைன் ஆர்ட்ஸ் பசங்க தயவுசெஞ்சு கவனிங்க. அமெரிக்காவுல இந்தப் படிப்புக்குப் பெரிய இடங்கள்னு பாத்தா டெலவேர் யுனிவர்சிட்டியும் விண்டர்தர் மியூசியமும் சேர்ந்து நடத்துறது, 1960-ல ஆரம்பிச்ச நியூயார்க் யுனிவர்சிட்டியோட கன்சர்வேஷன் சென்டர், பஃபலோ ஸ்டேட் யுனிவர்சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ்ல யூசிஎல்ஏ யுனிவர்சிட்டியும் கெட்டியும் சேர்ந்து நடத்துறது. விண்டர்தர்ல ஒரு வருஷத்துக்குப் பத்துப் பேரு வாக்குலதான் எடுக்குறாங்க, ஆனா எடுத்தா ஃபீஸும் கட்டி உதவித்தொகையும் குடுக்குறாங்க. 27 லட்சம் குடுத்து நான் கை வைக்காத படிப்பு படிச்சேன், அங்க பணம் குடுத்து கை வைக்கச் சொல்றாங்க. ஆனா உள்ள போறதுக்கு முன்னாடி ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ரெண்டும் லேபோட காலேஜ் லெவல்ல முடிச்சிருக்கணும், ஆர்ட் ஹிஸ்டரி படிச்சிருக்கணும், வரையத் தெரியணும், அது போக ஒரு கன்சர்வேட்டர் கீழ நூத்துக்கணக்கான மணி நேரம் வேலை பாத்த ரெக்கார்டு வேணும். சேரணும்னு நினைக்கிற வருஷத்துக்கு மூணு வருஷம் முன்னாடியே இதை ஆரம்பிச்சாத்தான் முடியும். நம்ம ஊர் காலேஜ்ல ஓவியம் படிச்சுக்கிட்டே பக்கத்துல போய் ரெண்டு கெமிஸ்ட்ரி பேப்பர் மட்டும் எழுதுறதுங்கிறது லேசுல நடக்காது, அதனால இன்னும் முன்னாடியே யோசிக்கணும்.

2023 அக்டோபர்ல ஊருக்கு வந்தேன். அங்கயே இருந்து ஏதாவது வேலை தேடலாம்னு கூட படிச்சவங்க சொன்னாங்க, ஆனா படிப்பு முடிச்சு அங்க தங்கி வேலை தேடுறதுக்கான விசாவுக்கும் ரெண்டு வருஷ ஹெல்த் சர்சார்ஜுக்கும் கட்ட கையில காசு இல்ல. அப்பாகிட்ட உண்மையைச் சொன்னேன். திட்டுவாருன்னு நினைச்சேன். அவரு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "சரி, அந்த வேலையைக் கத்துக்க இன்னும் எவ்ளோ ஆகும்"னு மட்டும் கேட்டாரு. எனக்குக் கல்யாணத்துக்குன்னு வச்சிருந்த மனையை வித்து 12 லட்சம் லோன்ல கட்டினாரு. மிச்சத்துக்கு இப்போ இஎம்ஐ மாசம் 14,000 போகுது, பாதி அண்ணன் திருப்பூர்ல இருந்து அனுப்புறான். தெருவுல ஒரு ரிட்டையர்டு கெமிஸ்ட்ரி சார் இருந்தாரு, அவர்கிட்ட ப்ளஸ் ஒன் ப்ளஸ் டூ புக்கைத் திரும்பத் திறந்து உக்காந்தேன். ஸ்கூல்ல மனப்பாடம் பண்ண பாடம்தான், ஆனா இந்த முறை ஒவ்வொரு சால்வென்ட்டும் (கரைப்பானும்) எனக்கு ஒரு ஓவியத்தோட ஞாபகம் ஆச்சு.

அப்புறம் ஒரு லேப்ல இன்டர்ன்ஷிப்புக்கு அப்ளை பண்ணேன். நேர்காணலுக்கு என் போர்ட்ஃபோலியோவை எடுத்துட்டுப் போனேன். பட்டறையில நான் பண்ண ரிப்பேர் எல்லாம் முன்னாடி பின்னாடின்னு ஜோடி ஜோடியா போட்டோ. ஃப்ளாரன்ஸ் ஸ்லைடு பாத்தப்போ மனசு உறுத்துச்சுதான், ஆனா காட்ட வேற எதுவும் எங்கிட்ட இல்ல. அங்க இருந்த மேடம் ஒவ்வொண்ணா திருப்பிக்கிட்டே வந்து கிருஷ்ணன் படத்துல நிறுத்தினாங்க. "நல்லா வரையறீங்கம்மா. இதுல பழசு எங்க இருக்கு?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கல. ரொம்ப நேரம் கழிச்சு, இப்போ இது வந்தா இப்படிப் பண்ண மாட்டேன் மேடம், செதிலை அப்படியே பசை வச்சுப் படிய வைப்பேன்னு சொன்னேன். அதுக்காகத்தான் எடுத்தேன்னு பின்னாடி சொன்னாங்க. போர்ட்ஃபோலியோல பளபளப்பு வேணாம். என்ன பொருள், எதனால ஆனது, எதனால கெட்டுச்சு, நீங்க என்ன பண்ணீங்க, ஏன் அதோட நிறுத்தினீங்க, இதை எழுதுங்க. தப்பு பண்ணியிருந்தா அதையும் எழுதலாம்.

ஆறு மாசம், சம்பளம் இல்ல, ஹாஸ்டலுக்கு மாசம் 6,500. முதல் ரெண்டு வாரம் ஒரு பொருளையும் தொட விடல. பாத்து எழுது, போட்டோ எடு, திரும்பப் பாரு. ஒரு உள்ளங்கை அளவு வெண்கல அம்மனுக்கு கண்டிஷன் ரிப்போர்ட், அதாவது பொருள் இப்போ எந்த நிலையில இருக்குங்கிற குறிப்பு, எழுத எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. முழங்கைக்குக் கீழ மடிப்புல கடுகளவுக்கு வெளிர் பச்சைப் பொடி. வழக்கமா வெண்கலத்துல இருக்குற அழுத்தமான பச்சை வேற, இது மாவு மாதிரி உதிரும். ப்ரான்ஸ் டிசீஸ்னு சொல்றது இதைத்தான். உலோகத்துக்குள்ள குளோரைடு உப்பு உக்காந்திருக்கும், காத்துல ஈரம் பட்டதும் வேலையைக் காட்டும், பொடி தள்ளும், குழி விழும், குழிக்குள்ள திரும்ப அதே கதை. நம்ம வீட்ல புளி போட்டுத் தேய்ச்சா பொடி போயிரும், மேல இருக்குற பட்டினாவும் (காலப்போக்குல படிஞ்ச படலமும்) சேர்ந்து போயிரும், ஆனா உள்ள இருக்குற உப்பு போகாது. மைக்ரோஸ்கோப் கீழ ஊசி முனையால ஒவ்வொரு பொடியா எடுத்தேன். அப்புறம் அரிப்பைத் தடுக்குற பென்சோட்ரையசோல்ங்கிற ரசாயனம், அப்புறம் ஈரக்காத்து இருக்குற டப்பாவுல வச்சு திரும்பப் பச்சை கிளம்புதான்னு பாத்தோம். முதல் தடவை கிளம்பிருச்சு. திரும்ப முதல்ல இருந்து. எனக்கு அழுகை வரல, ஆச்சரியமா இருந்துச்சு, இதைத்தானே நான் தேடிப் போனேன்னு.

பஞ்சு உருட்டக்கூட கத்துக்கணும். மூங்கில் குச்சி முனையில பஞ்சைச் சுத்தி, நனைச்சு, அழுக்கு மேல தேய்க்கக் கூடாது, உருட்டணும். ஒரு சதுர அங்குலத்துக்கு இருபது முப்பது குச்சி ஆகும். சில அழுக்குக்கு எச்சில்தான் நல்லா வேலை செய்யும், அதுல இருக்குற என்சைமுக்காகப் பெரிய பெரிய மியூசியத்துலயே அதை உபயோகிக்கிறாங்க. உடம்பைப் பத்தியும் யோசிச்சுக்கோங்க, கழுத்து வலி, கண்ணு எரிச்சல், சால்வென்ட் வாசனைக்குத் தலைவலி இதெல்லாம் இருக்கு. மாஸ்க், கையுறை, புகை உறிஞ்சுற குழாய் இல்லாத இடத்துல பெருமைக்காக வேலை பாக்காதீங்க.

இன்டர்ன்ஷிப் முடிஞ்சு ஒரு வருஷம் அதே லேப்ல ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட், மாசம் 25,000, கான்ட்ராக்ட். இந்தத் துறையில கான்ட்ராக்ட் வேலை நிறைய, நிரந்தர வேலை கம்மி, அதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் வரணும். 2025-ல வடக்கே ஒரு இடத்துல கன்சர்வேஷன் மாஸ்டர்ஸ் சேர்ந்தேன். ரெண்டு வருஷத்துக்கு ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேத்தாலும் நான் யூகேல வாடகைக்குக் குடுத்ததை விடக் கம்மி. இந்தியாவுல இதுக்கு வழியே இல்லன்னு நினைச்சுத்தான் நான் வெளிநாட்டுக்குப் போனேன். 1989-ல இருந்து நேஷனல் மியூசியம் இன்ஸ்டிட்யூட் டெல்லியில இதுக்கு மாஸ்டர்ஸ் நடத்திச்சு, இப்போ அதுதான் நொய்டாவுல இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹெரிட்டேஜ். லக்னோல 1976-ல இருந்து கன்சர்வேஷனுக்குன்னே தேசிய ஆய்வுக்கூடம் இருக்கு. 1984-ல ஆரம்பிச்ச இன்டாக்ங்கிற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு பல ஊர்ல லேப் வச்சிருக்கு. இவ்ளோ ஏன், எழும்பூர் மியூசியத்துல வெண்கலச் சிலைகளைக் காப்பாத்துறதுக்குன்னு 1930-லயே கெமிஸ்ட்ரி லேப் ஆரம்பிச்சாச்சு. அங்க இருந்த கெமிஸ்ட் எஸ். பரமசிவன், தஞ்சாவூர் பெரிய கோயில் சோழர் ஓவியத்தோட சுண்ணாம்பு, வண்ணம் எல்லாத்தையும் ஆராய்ஞ்சு பேப்பர் எழுதியிருக்காரு. அந்தக் கோயிலுக்கு சைக்கிள் மிதிச்சுப் போற தூரத்துல உக்காந்துதான் நான் பழைய படத்தை உப்புத்தாள்ல தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். காலேஜ்ல நாலு வருஷம் படிச்சும் அந்தப் பேரை எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல, நானும் தேடல.

அந்தத் தங்கச்சி டெபாசிட் கட்டல. கோர்ஸ் ஆளுங்களுக்கு மெயில் போட்டு அந்தக் கேள்வியைக் கேட்டா, மூணு நாள்ல தெளிவா பதில் வந்துச்சு, ட்ரீட்மென்ட் இல்லன்னு. இப்போ அவ கெமிஸ்ட்ரி புக் வாங்கியிருக்கா.

பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தப்போ அந்தக் கிருஷ்ணன் படம் இருக்குற வீட்டுக்குப் போனேன். பாட்டி அடையாளம் கண்டுபிடிச்சு உள்ள கூப்பிட்டாங்க. பூஜை ரூம் லைட்டை அணைக்கச் சொல்லி, கையில இருந்த யூவி டார்ச்சை அடிச்சேன். டைட்டானியம் ஒயிட் அந்த வெளிச்சத்துல கறுப்பா தெரியும். உடம்பு, கை, வெண்ணெய்ப் பானை எல்லாம் மங்கலா ஒளிருது, முகம் மட்டும் இருட்டா இருக்கு. காது ஓரத்துல ஒரு நகக்கண் அளவுக்கு நான் தேய்க்காம விட்ட பழைய பெயிண்ட் இருந்துச்சு. பாட்டிகிட்ட நான் பண்ணது தப்புன்னு சொன்னேன், மேல இருக்குற அக்ரிலிக்கை எடுக்கலாம், ஆனா அடியில முகம் இருக்காதுன்னும் சொன்னேன். "நல்லாத்தானம்மா இருக்கான், தினம் இந்த மூஞ்சியைப் பாத்துத்தான் விளக்கேத்துறேன், அவனை விட்டுரு"ன்னாங்க. சரின்னுட்டேன். போட்டோ எடுத்தேன், 2020-ல நான் என்ன சுரண்டினேன், என்ன பூசினேன், எந்த இடத்துல பழசு மிச்சம் இருக்குன்னு ரெண்டு பக்கம் எழுதி, ஒரு கவர்ல போட்டு படத்துக்குப் பின்னாடி இருக்குற ஆணியில மாட்டிட்டு வந்தேன்.